ஹீட் பம்புக்குக் குழாய் புதைக்கும் முன் தோட்டத்து மண்ணை அளப்பது எப்படி

பிரிட்டனில், மண்ணின் வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைப்பவர்களில் ஆழ்துளைக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள், தோட்டத்தில் ஒரு மீட்டர் சொச்சம் தோண்டி, அந்த வெப்பத்தைச் சுமந்துவரும் திரவம் ஓடும் பாலிஎத்திலீன் குழாயைக் கிடையாகப் பரப்புகிறார்கள். எவ்வளவு பரப்பைத் தோண்ட வேண்டும் என்பதை முடிவு செய்வது இயந்திரத்தின் விலையோ பிராண்டோ அல்ல, அந்த ஆழத்தில் இருக்கும் மண்.

கணக்கு எளிது. 8 கிலோவாட் வெப்பம் தரும் ஹீட் பம்ப், சி.ஓ.பி 4 என்றால் (அதாவது செலவாகும் மின்சாரத்தைப் போல் நான்கு மடங்கு வெப்பம் தந்தால்), 2 கிலோவாட் மின்சாரத்திலிருந்து வருகிறது. மீதி 6 கிலோவாட்டை மண் தர வேண்டும். ஜெர்மனியின் வி.டி.ஐ 4640 வழிகாட்டி, ஆண்டுக்கு 1800 மணி நேரம் ஓடும் பம்புக்குச் சதுர மீட்டருக்கு இவ்வளவு எடுக்கலாம் என்கிறது: காய்ந்த மணல் போன்ற ஒட்டாத மண்ணில் 10 வாட், ஈரமான களி மண்ணில் 20 முதல் 30 வாட், நீர் நிறைந்த மணலிலும் சரளையிலும் 40 வாட். 2400 மணி நேரம் ஓட்டினால் அவை 8, 16–24, 32 என்று இறங்கும். ஆக, அதே 6 கிலோவாட்டுக்குக் காய்ந்த மணலில் 600 சதுர மீட்டர் வேண்டும். ஈரக் களியில் 25 வாட் என்று வைத்தால் 240 போதும். மண்ணைப் பார்க்காமல் ‘சராசரி’ என்று ஒரு எண்ணைப் போட்டுத் தோண்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

பட்டியலை ஊன்றிப் பார்த்தால் ஒன்று புரியும். அதில் மண்ணின் பெயரைவிட அதிலிருக்கும் தண்ணீர்தான் பேசுகிறது. குவார்ட்ஸ் கனிமத்தின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு சுமார் 7.7 வாட் (கடத்துதிறனை இனி சுருக்கமாக ‘வாட்’ என்றே சொல்கிறேன்). மற்ற கனிமங்களுக்கு 2 என்று வைக்கலாம். தண்ணீருக்கு 0.6-க்குச் சற்றுக் குறைவு. காற்றுக்கு வெறும் 0.025. காய்ந்த மண்ணில் மணிகள் ஒன்றையொன்று ஊசிமுனை அளவுக்குத்தான் தொடுகின்றன, சுற்றியிருப்பதெல்லாம் காற்று. ஈரம் வந்ததும் அந்தத் தொடும் இடங்களில்தான் முதலில் தண்ணீர் சேர்ந்து பாலம் கட்டுகிறது. அதனால் முதல் கொஞ்ச ஈரம் தரும் பலன் பெரிது, பிறகு ஊற்றும் தண்ணீர் தரும் பலன் சிறிது. மணலின் கடத்துதிறன் காய்ந்தால் 0.4, ஈரமானால் 1.4, நீர் நிறைந்தால் 2.4 வாட். இதே வழிகாட்டி களிமண்ணுக்குக் காய்ந்த நிலையில் 0.5, நிறைந்த நிலையில் 1.8 தருகிறது. கரிமண் எனப்படும் பீட், தண்ணீரில் ஊறிக் கிடந்தாலும் 0.4-ஐச் சுற்றியேதான் இருக்கும்.

முதலில் வரைபடம், பிறகு மண்வெட்டி

பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இணைய வரைபடத்தில் இடத்தைத் தேடுங்கள். அடிப்பாறையை விட்டுவிட்டு மேற்படிவு அடுக்கைப் பாருங்கள். கிடைக் குழாய்க்கு முதல் இரண்டு மீட்டர்தான் முக்கியம். கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் ‘சாயில்ஸ்கேப்ஸ்’ வரைபடம் மண் எவ்வளவு எளிதில் வடிகிறது என்பதையும் சொல்லும், அது இன்னும் பயனுள்ளது. ஹாரோ, வெம்பிளி பக்கம் தோண்டினால் லண்டன் களிமண் வரும். ஈஸ்ட் ஹாமில் தேம்ஸ் ஆற்றின் பழைய சரளைப் படிவு. நார்ஃபோக், சஃபோக் எல்லையில் இருக்கும் பிரெக்லாந்தில், நாட்டிலேயே மழை குறைந்த பகுதி ஒன்றில், தண்ணீர் நிற்காத மணல். மூன்றுக்கும் மூன்று வேறு வடிவமைப்பு.

ஆழ்துளைக்கென்று எடுத்த வெப்பப் பரிசோதனை எண்ணையோ, பாறைக்கான எண்ணையோ இங்கே பயன்படுத்தாதீர்கள். 80 மீட்டர் ஆழத்தில் சுண்ணப்பாறை நன்றாகக் கடத்துகிறது என்பதால் அதன் மேலிருக்கும் அரை மீட்டர் உடைகல் மண்ணும் கடத்தும் என்று ஆகாது.

சோதனைக் குழி

குழாய் போகப்போகும் இடத்தில் குறைந்தது இரண்டு குழி, இடம் சரிவாக இருந்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று. குழாயின் ஆழத்தைவிட 30 செ.மீ கூடுதலாகத் தோண்டுங்கள். தோண்டும் முன் கேபிள் கண்டறியும் கருவியை ஓட்டி, மின்சாரம், எரிவாயு, தண்ணீர்க் குழாய் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்திலும் பக்கச் சுவர் சரிந்து ஆள் புதைய முடியும். தாங்கல் வைக்காத குழிக்குள் இறங்காமல், சாய்வாக வெட்டியோ படிபோட்டோ வேலை செய்யுங்கள்.

குழியின் சுவரில் நிறம் மாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறத்தில் துருப்பிடித்த ஆரஞ்சுத் திட்டுகள் இருந்தால், ஆண்டின் ஒரு பகுதியில் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று பொருள். குழாய்க்கு இதைவிட நல்ல சகுனம் கிடையாது. வேர்கள் ஒரு மீட்டருக்கும் கீழே அடர்ந்திருந்தால், கோடையில் அந்த மரம் அந்த ஆழத்து ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

100 கன செ.மீ எஃகு வளையத்தை, அதாவது சிறிய கோர் கட்டரை, குழாய் வரும் ஆழத்தில் சுவருக்குள் நேராக அடித்து இறக்கி, கலையாத மண்ணை எடுங்கள். ஒவ்வொரு குழியிலும் மூன்று மாதிரி. இரு முனையையும் கத்தியால் சமமாகச் சீவி, உடனே காற்றுப் புகாத பையில் போட வேண்டும். வெயிலில் அரை மணி நேரம் கிடந்த மாதிரியின் ஈரப்பதம் வெறும் அலங்கார எண். எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் காய வைத்து, மறுபடி எடை போடுங்கள். பீட் போன்ற கரிமண்ணுக்கு அந்தச் சூடு அதிகம், கரிமப் பொருளே கருகி எடை குறையும். அதற்கு அடுப்பைக் குறைவாக வைத்துக் கூடுதல் நேரம் காய்ச்ச வேண்டும்.

காய்ந்த எடையை வளையத்தின் கொள்ளளவால் வகுத்தால் உலர் அடர்த்தி. இழந்த தண்ணீரைக் காய்ந்த எடையால் வகுத்தால் ஈரப்பதம். இந்த இரண்டு எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஊசி அளவீடு

கடத்துதிறனை நேரடியாக அளக்க வெப்ப ஊசி இருக்கிறது. ஏ.எஸ்.டி.எம் டி5334 தரநிலை இதற்குத்தான். சுமார் 100 மி.மீ நீளம், இரண்டு அல்லது மூன்று மி.மீ தடிமன், உள்ளே ஒரு சூடாக்கும் கம்பி, நடுவில் ஒரு வெப்ப உணரி. வாடகைக்கும் கிடைக்கும், மண் ஆய்வகங்களும் வைத்திருக்கும்.

குழிச் சுவரில் வெளிக்காற்று பட்ட முதல் 10 செ.மீ மண்ணைச் சீவித் தள்ளிவிட்டு ஊசியைக் குத்துங்கள். இறுகிய களியில் அதே தடிமனுள்ள கம்பியால் முதலில் துளை போட்டு, ஊசியில் வெப்பப் பசை தடவி நுழைக்க வேண்டும். ஆட்டி ஆட்டி நுழைத்தால் சுற்றிலும் காற்று இடைவெளி உண்டாகி, மண் 0.7 வாட் என்று பொய் சொல்லும். சரளை மண்ணில் ஊசியை நம்ப வேண்டாம். ஒரு கல்லின் மேல் பட்டால் ஒரு எண், பக்கத்து இடுக்கில் பட்டால் வேறு எண். குத்தியபின் 15 நிமிடம் சும்மா விடுங்கள், ஊசியும் மண்ணும் ஒரே சூட்டுக்கு வரட்டும். குழியின் மேல் வெயில் விழுந்தால் தார்ப்பாயால் மூடுங்கள்.

0.1 மீட்டர் ஊசிக்கு 2 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் கொடுத்தால் 0.4 வாட், அதாவது மீட்டருக்கு 4 வாட். 10 நிமிடம் ஓட விட்டு, சூடு ஏறுவதை நேரத்தின் இயல் மடக்கைக்கு எதிரே வரையுங்கள். முதல் நிமிடத்தை விட்டுவிடுங்கள், அதில் தெரிவது ஊசியின் சூடு, மண்ணினது அல்ல. பிறகு வருவது நேர்க்கோடாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, முதல் நிமிட முடிவில் 0.96 டிகிரியும் 10-ஆவது நிமிடத்தில் 1.49 டிகிரியும் ஏறியிருந்தால், வித்தியாசம் 0.53. நேரம் 10 மடங்கு ஆகியிருப்பதால் 2.303-ஆல் வகுத்தால் சரிவு 0.23. மீட்டருக்கான வாட்டை 12.57-ஆலும் சரிவாலும் வகுங்கள்: 4 ÷ (12.57 × 0.23) = 1.38 வாட்.

தவறு பெரும்பாலும் இரண்டு இடத்தில் நடக்கிறது. பத்தடிமான மடக்கையில் வரைந்துவிட்டு 2.303-ஐ மறந்தால் விடை பாதிக்கும் கீழே போகும். சீக்கிரம் முடிக்கலாம் என்று மின்சாரத்தைக் கூட்டினால் ஊசியைச் சுற்றியுள்ள ஈரம் சூட்டில் விலகி ஓடி, மண் காய்ந்து, கோடு மேல்நோக்கி வளையும். ஊசி சரியாக இருக்கிறதா என்று பார்க்க கிளிசரின் நல்ல வழி. அறைச் சூட்டில் அதன் கடத்துதிறன் 0.285 வாட்டுக்கு மிக அருகில் இருக்கும். களத்துக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் ஒரு தரம் அதில் வைத்துப் பாருங்கள்.

ஒரே நாள் அளவை ஆண்டு முழுவதற்கும் நீட்டுவது

ஏப்ரலில் அளந்தால் மண் குளிர்கால மழையை முழுதாகக் குடித்திருக்கும். செப்டம்பரில் அளந்தால் ஆண்டிலேயே மிகக் காய்ந்த நிலை. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது? இரண்டுக்கும் கணக்குப் போட வேண்டும், அதற்குத்தான் அந்த வளைய மாதிரிகள். நார்வேயின் ஜொஹான்சன் 1975-இல் தந்த சமன்பாடு இன்றும் இதற்குப் போதும்.

5 சதவீதத்துக்கு மேல் களி கலந்த ஒரு மணற்பாங்கான மண்ணை எடுத்துக்கொள்வோம். உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1500 கிலோ, ஈரப்பதம் 15 சதவீதம், கனிமத்தில் குவார்ட்ஸ் 60 சதவீதம்.

துளைவெளி (2650 என்பது மண்மணியின் அடர்த்தி): 1 − 1500 ÷ 2650 = 0.434. கன அளவில் தண்ணீர்: 0.15 × 1.5 = 0.225. துளை நிறைவு: 0.225 ÷ 0.434 = 0.52.

மண்மணியின் கடத்துதிறன்: 7.7-இன் அடுக்கு 0.6, பெருக்கல் 2-இன் அடுக்கு 0.4. விடை 4.49.

நீர் நிறைந்த மண்: 4.49-இன் அடுக்கு 0.566, பெருக்கல் 0.57-இன் அடுக்கு 0.434. விடை 1.83.

காய்ந்த மண்: (0.135 × 1500 + 64.7) ÷ (2700 − 0.947 × 1500) = 0.21.

இடைப்பட்ட நிலைக்கு எடைக்காரணி: துளை நிறைவின் பத்தடிமான மடக்கையோடு 1-ஐக் கூட்டுங்கள். 0.52-க்கு 0.71 வரும். களி குறைந்த பருமணலாக இருந்தால் மடக்கையை முதலில் 0.7-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

கடத்துதிறன்: 0.21 + 0.71 × (1.83 − 0.21) = ஏறத்தாழ 1.37 வாட்.

ஊசி தந்த எண்ணும் இதுவும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் குற்றவாளி குவார்ட்ஸ் பங்குதான், அது கண்ணால் மதிப்பிட்ட எண். ஊசியின் விடை வரும்வரை குவார்ட்ஸைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள். சரிசெய்த சமன்பாட்டில் ஈரப்பதத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். மேலே உள்ள மண்ணே 5 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால் 0.6 வாட்டுக்கு விழுகிறது. பாதிக்கு மேல் போயிற்று. உங்கள் மண் குளிர்காலத்தில் உண்மையிலேயே எவ்வளவு ஈரம் வைத்திருக்கும் என்பதை வைத்து வடிவமையுங்கள். வடியாத களியில் குளிர்கால எண்ணையே எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் ஜனவரி, பிப்ரவரியில் பம்ப் அதிகம் உழைக்கும்போது மண்ணும் நனைந்திருக்கும். பிரெக்லாந்து மணல் மாதிரி இடத்தில் இந்தச் சலுகை எடுக்கக் கூடாது.

குழாய் ஆழத்தில் எவ்வளவு குளிர்

கடத்துதிறனுக்கு அடுத்து வேண்டியது வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு டிகிரி சூடேற மண் எடுத்துக்கொள்ளும் வெப்பம். இது சுலபம்: திடப்பகுதியை 1.92-ஆலும் தண்ணீர்ப் பகுதியை 4.18-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். நம் மண்ணுக்கு 0.566 × 1.92 + 0.225 × 4.18 = கன மீட்டருக்கு 2.03 மெகாஜூல். கடத்துதிறனை இதால் வகுத்தால், சூடும் குளிரும் மண்ணுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்லும் வெப்பப் பரவுதிறன், வினாடிக்கு 0.675 சதுர மி.மீ. ஓராண்டின் சூடு-குளிர்ச் சுழற்சி மண்ணுக்குள் 2.6 மீட்டர் இறங்குவதற்குள் அதன் வீச்சு (சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்பது இதிலிருந்து கிடைக்கிறது.

தென் இங்கிலாந்தில் தரையின் ஆண்டுச் சராசரி 11 டிகிரி, மேற்பரப்பு வீச்சு 7 டிகிரி என்று வைத்தால், 1.2 மீட்டரில் வீச்சு 4.4 டிகிரி. மிகக் குளிர்ந்த நாளில் அங்கே 6.6 டிகிரி, அதுவும் மேற்பரப்பைவிட 27 நாள் தாமதமாக. 2 மீட்டரில் 7.8 டிகிரி, 45 நாள் தாமதம். ஒரு டிகிரி சொச்சம் ஆதாயத்துக்காக 80 செ.மீ கூடுதலாகத் தோண்டுவதா என்பது அவரவர் கூலிக்கணக்கு. பெரும்பாலான இடங்களில் லாபமில்லை. மிக ஆழமாகப் போனால் கோடையில் வெயிலும் மழையும் வெப்பத்தைத் திரும்ப நிரப்புவதும் மெதுவாகும்.

குழி தோண்டாமலே பரவுதிறனை மதிப்பிடவும் வழியுண்டு. பிரிட்டனின் வானிலை நிலையங்கள் பல, 30 செ.மீ, ஒரு மீட்டர் ஆழங்களில் மண்ணின் சூட்டைப் பதிவு செய்கின்றன. ஓராண்டின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியே வீச்சு. 30 செ.மீட்டரில் 6.6, ஒரு மீட்டரில் 5.0 என்றால் விகிதம் 1.32, அதன் இயல் மடக்கை 0.278. இடைவெளி 0.7 மீட்டரை அதால் வகுத்தால் 2.52 மீட்டர், பரவுதிறன் 0.63. ஆனால் வீச்சுகளில் 0.1 டிகிரி பிசகி 6.7, 4.9 என்று படித்தால் பரவுதிறன் 0.50-க்கு இறங்கிவிடும். இந்த முறையைச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் நம்பிக் குழாய் வாங்காதீர்கள்.

புதைக்கும்போது கெடுவது

பிரிட்டனின் எம்.சி.எஸ் என்ற தரச்சான்றுத் திட்டத்தின் சான்று பெற்ற நிறுவல் என்றால் எம்.ஐ.எஸ் 3005 தரநிலை பொருந்தும். பம்புக்குள் நுழையும் திரவம் 20 ஆண்டு ஓட்டத்தில் 0 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அளந்த கடத்துதிறன், தரைச் சூடு, ஆண்டு ஓட்ட நேரம் இந்த மூன்றையும் வைத்து அதன் அட்டவணையில் மீட்டருக்கு எத்தனை வாட் என்று படிக்கலாம். 240 சதுர மீட்டரில் 75 செ.மீ இடைவெளியில் பரப்பினால் 320 மீட்டர் குழாய், 80 மீட்டரில் நான்கு சுற்று. நான்கும் ஒரே நீளம் இருந்தால்தான் திரவம் சமமாகப் பிரியும்.

இவ்வளவு அளந்த மண்ணை, குழாய் போட்ட நாளிலேயே கெடுத்துவிடுவார்கள். தோண்டிய கட்டிகளை அப்படியே தள்ளி மூடினால் உலர் அடர்த்தி 1500-இலிருந்து 1200-க்கு இறங்கலாம். அதே 15 சதவீத ஈரத்தில் கடத்துதிறன் 1.37-இலிருந்து 0.82-க்கு விழும், அதுவும் குழாயை ஒட்டிய, எல்லா வெப்பமும் கடந்து வர வேண்டிய மண்ணில். தோண்டிய மண்ணையே கல் பொறுக்கி, சலித்து, குழாயைச் சுற்றி முதலில் இடுங்கள். 15 முதல் 20 செ.மீ அடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து மிதித்து இறுக்குங்கள். இயந்திர காம்பேக்டரைக் குழாயின் மேல் முதல் 30 செ.மீ நிரம்பும் வரை கொண்டுவர வேண்டாம். வெளியிலிருந்து காய்ந்த மணலை வாங்கிக் கொட்டுவது குழாயைக் கல்லிலிருந்து காக்கும், ஆனால் நன்றாக வடியும் இடத்தில் அது காற்றுப் போர்வையாகிவிடும். மூடி முடிக்கும்வரை குழாயில் அழுத்தம் இருக்கட்டும். கூரான கல் குத்தினால் அன்றே தெரியும்.

லண்டன் களிக்கு ஒரு தனி வியாதி உண்டு. கோடையில் சுருங்கி வெடித்துக் குழாயை விட்டு விலகும், ஈரம் வந்ததும் வீங்கி மூடும். பெரிய மரத்தின் கீழ் இந்த விலகல் குளிர்காலம் தொடங்கிய பின்னும் நீடிக்கும். குழாய்ப் பரப்பை மரத்திலிருந்து தள்ளி வையுங்கள். அதன் மேல் கார் நிறுத்தத் தளமோ கண்ணாடி அறையோ கட்டக் கூடாது, மழையும் வெயிலும் பட்டால்தான் மண் மறுபடி நிரம்பும்.

குழாய் நெருக்கமாகப் போனால் மண் உறையும். உறைவது முழுக்கக் கெடுதல் அல்ல. நம் மண்ணின் ஒரு கன மீட்டரில் 225 கிலோ தண்ணீர், அது முழுதும் உறைந்தால் வெளிவரும் வெப்பம் 75 மெகாஜூல். அந்த மண்ணை 37 டிகிரி குளிரவைத்தால் கிடைக்கும் அளவு அது. குழாயைச் சுற்றி மெல்லிய உறை வந்து, பம்ப் ஓய்ந்ததும் உருகிப் போனால் பரவாயில்லை. பக்கத்துக் குழாய்களின் உறைகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் களி வீங்கித் தரையை மேலே தூக்கும், மழைநீரும் உள்ளே இறங்காது. குடிநீர்க் குழாயும் அஸ்திவாரமும் அருகில் இருந்தால் விளைவு இன்னும் மோசம்.

பள்ளத்தை மூடும் முன் இரண்டு தெர்மிஸ்டர்களை (வெப்ப உணரிகளை) குழாய் ஆழத்தில் புதையுங்கள், ஒன்று இரு குழாய்களுக்கு நடுவில், மற்றொன்று பரப்பை விட்டு ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளி. கம்பியை, குழாய்ச் சுற்றுகள் ஒன்றுசேரும் மேனிஃபோல்டு பெட்டிக்குள் கொண்டுவந்து விடுங்கள். ஆகஸ்ட் முடிவில் இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். நடுவில் இருப்பது ஆண்டுக்கு ஆண்டு பின்தங்கினால் மண்ணிடம் அதிகம் கேட்கிறீர்கள். அப்போது வீட்டின் வெப்ப இழப்பைக் குறையுங்கள், அல்லது இன்னொரு சுற்றைச் சேருங்கள்.